தொண்ணூற்று மூன்று சதவீதம்

ஓசூர் கம்பெனியில் என் வேலை
மணிக்கொரு முறை சுவரைப் பார்ப்பது.
சுவரில் மீட்டர். ஈரப்பதம் நாற்பத்தைந்து.
ஐம்பதைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும்,
செல்போனின் உள்ளுறுப்புகளுக்குச் சளி பிடித்துவிடும்.
நான்கு வருடத்தில் நான் மணி அடித்ததில்லை.

கார்த்திகையில் முகூர்த்தம் என்று
ராயக்கோட்டையில் நாள் குறித்தபோது
எல்லோரும் பந்தலைப் பற்றிப் பேசினார்கள்.
நான் சதவீதத்தைப் பற்றி யோசித்தேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஷாகிராவின் பார்லர்.
என் தலையைத் தொட்டதும் சொன்னாள்:
"இது முடியில்லை பைரவி, கூட்டம்."
விரித்துவிட்டு அலையலையாக வைக்கலாமாம்,
மண்டபத்துக் கதவு திறக்கும்வரை நிற்குமாம்.
பிறகு ஒவ்வொரு சுருளும் பனியைக் குடித்துவிட்டுத்
தன் சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிடும்.

அதனால் பின்னல்.
உச்சியிலிருந்தே இறுக்கி, உள்ளே நூல் கொடுத்து.
மல்லிகை நாலு முழம் என்றேன்.
"நாலு முழம் என்பது கால் லிட்டர் தண்ணீர்,
கழுத்தில்தான் வடியும்" என்றாள்.
கனகாம்பரத்துக்குச் சம்மதித்தாள்.

முகத்துக்கு மூன்று வகை காட்டினாள்.
இடது கன்னத்தில் பதினெட்டாயிரம்,
வலது கன்னத்தில் ஏழாயிரம்,
நெற்றியில் அவள் தினமும் போட்டுக்கொள்வது.
"இப்படியே வீட்டுக்குப் போ. கழுவாதே."

மூன்று பேராக பஸ் ஏறினேன்.
கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழித்தார்.
தக்காளி மண்டி முன்னால் இறங்கியபோது தூறல்.
அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து
முகத்தை மழைக்கு நீட்டிக்கொண்டே வந்தேன்.
பைத்தியமா என்றான். பரிசோதனை என்றேன்.

இரவு, வெந்நீர் அண்டாவின் ஆவியில் நின்றேன்.
மணிக்கொரு படம்:
எட்டு. ஒன்பது. பத்து.
பதினெட்டாயிரம் மூக்கோரம் வெடித்திருந்தது,
சித்திரை மாதத்து ஏரி மாதிரி.
ஏழாயிரம் தாடைவரை நடந்து போயிருந்தது.
நெற்றி மட்டும் ஒன்றும் நடக்காதது போல.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
"குறைவாக இருக்கிறது" என்றாள் ஷாகிரா.

அப்புறம் நோட்டைத் திறந்து,
ரத்த வகை கேட்பது போல:
"அழுவியா?"
அழுகிறவளுக்கு ஒரு மை, அழாதவளுக்கு ஒரு மை.
நானூறு ரூபாய் வித்தியாசம்.
நான்கு வருடமாக மணிக்கொரு முறை எழுதுகிறேன்,
எந்த ரிஜிஸ்டரிலும் அந்தக் கட்டம் இல்லை.
தெரியவில்லை அக்கா என்றேன்.
நானூறைச் சேர்த்தே கொடுத்துவிட்டேன்.

விடியற்காலை நாலரை. தகரக் கூரையில் மழை.
தொண்ணூற்று மூன்று என்றது செல்போன்.
என் கை பழக்கத்தில் சுவரில் மணியைத் தேடியது.
ஹோமப் புகை வெளியே போக வழியில்லாமல்
பந்திக்கு முந்திய சொந்தக்காரரைப் போல
நடுவில் உட்கார்ந்துகொண்டது.
பின்னல் நின்றது. நெற்றி நின்றது.

கரைந்தது முனிரத்தினம்.

அவர் அக்கா யாரிடமும் சொல்லாமல்
பவுடரை அப்பியிருக்கிறாள்.
கிருதாவில் தொடங்கிப் பட்டுச் சட்டைக் காலர்வரை
வெள்ளையாக ஓர் ஓடை.
இரண்டு கையிலும் தாலிக் கயிறு.
கண்ணைச் சிமிட்டுகிறார், துடைக்கக் கை இல்லை.
இந்த முகத்தை யாரும் மழையில் கூட்டிப்போகவில்லை,
ஆவியில் நிறுத்தவில்லை.
எத்தனை மணிவரை தாங்கும் என்று
நான்கூடக் கேட்கவில்லை.

முந்தானையை எடுத்துத் துடைத்தேன்.
கெட்டிமேளம் நடுவில் ஒரு நொடி தடுமாறியது.
சிரிப்பு வந்தது எனக்கு. அடக்க அடக்க
கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது தண்ணீர்,
அவருக்கும்.
மை கலையவில்லை.

சலவைக் கடைக்காரர் முந்தானையை விரித்து
இது என்ன கறை என்றார்.
பவுடர் என்றேன்.
எந்தப் பவுடர் என்று தெரிந்தால்தான்
எடுக்க முடியுமாம்.
அவர் அக்காவிடம் கேட்க வேண்டும்.
இன்னும் கேட்கவில்லை.